கோமளா போட்ட வயரிங்

பூந்தமல்லி பைபாஸ் சிக்னலில் அம்பாசடரின் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியபோது, எத்திராஜ் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை ஓரங்கட்டினான். அதற்குள் அவன் மனைவி கோமளா இந்தப் பக்கம் இறங்கி, முன்னால் ஓடி, பானெட்டைத் தூக்கிவிட்டாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி டெர்மினலைப் பிடித்து இழுத்தாள். ஒரு பொறி பறந்தது. டெர்மினல் கையோடு வந்தது. புகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூந்தமல்லியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு நெமிலிச்சேரி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு பைக்காரன் நின்று, பெட்ரோல் வண்டியா டீசல் வண்டியா என்று விசாரித்துவிட்டுப் போனான். எத்திராஜ் ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். கோமளா மட்டும் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, கருகின நாற்றத்துக்கு நடுவே, எந்த வயர் முதலில் எரிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்படிப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. கோமளாவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பதினேழு வருஷம் வயரோடுதான் போனது. அவளுடைய அப்பா திருமழிசைப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். கோமளா பத்தாவது முடித்தவள். மகள் அகல்யா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஒரு காருக்குள் ஓடுகிற எல்லா வயரையும் ஒரே கட்டாகச் செய்து அனுப்புவது அந்தக் கம்பெனியின் வேலை. அந்தக் கட்டுக்கு ஹார்னஸ் என்று பேர். ஆளுயரப் பலகையில் படம் வரைந்திருக்கும், படத்தின் மேல் முளைகள் இருக்கும். முளைக்கு முளை வயரை ஓட்டி, முனையில் கிளிப் அழுத்தி, டேப் சுற்றி இறக்க வேண்டும். இறக்கிய இடத்தில் அடுத்த பலகை வந்து நிற்கும்.

ஒரு தடவை, மேல்தோல் மெலிசான வயர் ரோல் ஒன்று லைனுக்கு வந்துவிட்டது. கோமளா நகத்தால் கீறியே கண்டுபிடித்தாள். சூப்பர்வைசர் மனோகரன், பரவாயில்லை போட்டு அனுப்பு என்றார். அவள் கட்டிங் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லைன் நின்றது. இருபது நிமிஷம் கத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ரோலை டெஸ்டுக்கு அனுப்பினார்கள், அது தேறவில்லை. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாசம் அவளை லைனிலிருந்து எடுத்து, ரிஜெக்ட் ஆகி வருகிற ஹார்னஸ்களில் கோளாறு கண்டுபிடித்துச் சரி செய்யும் மேஜையில் போட்டார்கள். அது பரிசா தண்டனையா என்று அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த மேஜையில்தான் அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. அகல்யா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். கோமளா இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் அரை நாள் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறாள்.

அம்பாசடர் எத்திராஜுடையது. இருபத்தைந்து வருஷம் அடுத்தவர்களின் காரை ஓட்டியவன் அவன். கடைசி முதலாளி புது வண்டி வாங்கியபோது பழையதை இவனுக்கே கொடுத்துவிட்டார். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வண்டி. கோமளாவின் அப்பா நெல் மூட்டை சுமந்து நடந்த ரோட்டில் அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு நாள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர் வழியெல்லாம் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் அந்த வண்டியை விற்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

புகை வந்த வண்டியை ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டாபிராமில் தங்கராஜ் கடைக்குப் போனார்கள். தங்கராஜ் ஆட்டோ எலக்ட்ரீசியன். ஒன்பது வருஷமாக இந்த வண்டிக்கு அவர்தான் வைத்தியம். கெட்ட மனுஷன் இல்லை, கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். டார்ச் அடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"மாமே, இது முடிஞ்சிச்சு. ஸ்கிராப்புக்குப் போட்டுடு. இந்த வண்டிக்கு முழு வயரிங் இப்போ எங்க கெடைக்கும்?"

இன்னும் மூன்று வாரத்தில் எஃப்.சி. காட்ட வேண்டும், வண்டியின் பேப்பரைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் என்றான் எத்திராஜ். அதைத்தான் நானும் சொல்கிறேன், எதற்கு வீண் அலைச்சல் என்றார் தங்கராஜ். கோமளா இதற்குள் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு வயர்க் கட்டை வெளியே இழுத்திருந்தாள். மேல்தோல் அவள் விரலில் பட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கியது. உள்ளே தாமிரம் பச்சை பூத்திருந்தது. எங்கே பார்த்தாலும் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றின ஒட்டு. நீல வயரில் சிவப்பு வயர், சிவப்பில் மஞ்சள், மஞ்சளில் வீட்டு ஃபேனுக்குப் போடுகிற வயர். எஞ்சினிலிருந்து உள்ளே வயர் நுழைகிற இரும்புத் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்துபோய், தகட்டின் விளிம்பு வயரை அறுத்திருந்தது. அங்கேதான் பற்றியிருக்கிறது.

"இதுல பாதி ஒட்டு நீ போட்டதுண்ணே," என்றாள் கோமளா.

தங்கராஜ் சிரித்துவிட்டார். "கம்பெனில கிளிப்பு சொருகுறது வேற, வண்டில கை வெக்கிறது வேறம்மா. ஊட்டுல போய் வேலையப் பாரு."

"ஊட்டுலதாண்ணே பார்க்கப்போறேன்."

சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்து, காத்திருந்த டெம்போவோடு வண்டியை அவளே மறுபடி கட்டினாள். எத்திராஜுக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அந்தாளைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு யாரிடம் போவது என்று கேட்டான். கோமளா வீட்டுப் பக்கத்துக் காலி மனையில், கோணி விரித்து, பின்சீட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

பழைய வயரிங்கை அவள் வெட்டவில்லை. ஒவ்வொரு முனையையும் கழற்றுவதற்கு முன்னால் பேப்பர் டேப்பில் நம்பர் எழுதி ஒட்டினாள். அதே நம்பரை நோட்டிலும் எழுதினாள். இது ஹெட்லைட், இது ஹாரன், இது பின்னால் பிரேக் லைட். மூன்று நாள் ஆயிற்று. கிடங்கு வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தால் வெளிச்சம் போகிற வரைக்கும். நான்காம் நாள் மொத்த வயரிங்கும், தோலுரித்த பாம்பு மாதிரி, முழுசாக வெளியே வந்தது. போன தேர்தலுக்குக் கட்டின ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வருகிற மாதிரி, இரண்டு பிளைவுட் பலகையில் அடித்தாள். அதன் மேல் பழைய கட்டைப் படுக்க வைத்து மார்க்கரால் வரைந்தாள். கிளை பிரிகிற இடத்தில் எல்லாம் ஆணி அடித்தாள். எஸ்டேட்டில் பதினேழு வருஷம் பார்த்த அதே பலகை, கொஞ்சம் கோணலாக, நெமிலிச்சேரியில் நின்றது.

வயர் வாங்க ரயிலேறிப் புதுப்பேட்டைக்குப் போனாள். கடைக்காரர் அவள் கையிலிருந்த லிஸ்டைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் அனுப்பினாரா என்று கேட்டார்.

"மெக்கானிக்தான் வந்திருக்காங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார், அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சிவப்பு ரோல் இரண்டை எடுத்துப் போட்டார். கரெண்டுக்குக் கலர் தெரியுமாம்மா என்றார். கரெண்டுக்குத் தெரியாது, நாளைக்கு ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, ஹெட்லைட் ஹைபீம் நீலத்தில் வெள்ளைக் கோடு, டிம் நீலத்தில் சிவப்புக் கோடு, எர்த் கறுப்பு. அந்த வண்டி பிறந்தபோது என்ன கலரோ அதேதான் வேண்டும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நாலு கடை தள்ளி ஆள் அனுப்பி அவர் வரவழைத்துக் கொடுத்தார். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் ரிலே, எட்டு ஃபியூஸ் போடுகிற பெட்டி, ரப்பர் வளையம், கிளிப் அழுத்துகிற பிளேயர் எல்லாம் வாங்கிக்கொண்டு மத்தியான ரயிலில் திரும்பினாள்.

லைனில் அவளுக்கு அடுத்த பலகையில் நின்ற சரசா அண்ணனூரில் இருக்கிறாள். போன் போட்டதும் மறுநாளே வந்துவிட்டாள். பலகையைப் பார்த்ததும் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். இரண்டு பேரும் ஆணிக்கு ஆணி வயரை ஓட்டினார்கள். கிளிப்பை அழுத்தியதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார்கள், வந்தால் வெட்டிப் போட்டு மறுபடி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பொம்பளைங்க கார் செய்றாங்கடோய் என்று ஒருத்தன் சொன்னான். சரசா திரும்பிப் பார்த்து, உனக்கும் ஒண்ணு செஞ்சி தரட்டா என்று கேட்டாள். அவன் நகர்ந்தான். எத்திராஜ் கூப்பிட்டவர்களுக்கு நாள் கூலியில் ஆக்டிங் டிரைவராகப் போய்விட்டுச் சாயங்காலம் வருவான். தூரத்தில் நின்று பார்ப்பான். பக்கத்தில் வரமாட்டான்.

ஒரு வாரத்தில் புது வயரிங் வண்டிக்குள் ஏறியது. பேட்டரியை நேராக மாட்டாமல், நடுவே ஒரு பல்பை வைத்து மாட்டினாள் கோமளா. எல்லா சுவிட்சும் அணைத்திருக்கும்போது அந்த பல்ப் எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ வயர் வண்டியின் உடம்பைத் தொடுகிறது என்று அர்த்தம்.

பல்ப் பளிச்சென்று எரிந்தது.

எத்திராஜ் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அப்பவே சொன்னேன்," என்றான்.

கோமளாவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ரிஜெக்ட் மேஜையில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஐந்தாவதைப் பிடுங்கியதும் பல்ப் அணைந்தது. அது பின்பக்கத்துக்குப் போகிற கிளை. பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தால், சீட்டின் இரும்புக் கால் ஒன்று வயரை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சீட்டை மாட்டியது எத்திராஜ். அன்றைக்குக் காலையில், அவள் கிடங்கிலிருந்து வருவதற்குள், உதவி செய்யலாம் என்று நினைத்து மாட்டியிருக்கிறான். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நசுங்கினதை வெட்டிப் போட்டு அந்தக் கிளையை முழுசாகப் புதுசு போட்டாள். அப்புறம் இன்னொரு வம்பு, இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கியது. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட். உப்புத்தாள் வைத்துத் தகடு பளபளக்கத் தேய்த்து முடுக்கினாள், சரியாகிவிட்டது.

எஃப்.சி. அன்றைக்குக் காலையில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிரவுண்டில் பத்துப் பதினைந்து வண்டி வரிசை. கோமளா லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர், நிதானமாகப் பார்த்தார். லைட், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் போடச் சொன்னார். எல்லாம் வேலை செய்தது. பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பார்த்ததும் கொஞ்சம் குனிந்தார். வயர்க் கட்டு நேராக, ஒரே சீராக டேப் சுற்றி, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கிளாம்ப் போட்டு ஓடியது.

"வயரிங் புதுசா போட்டிருக்கீங்களா? யார் செஞ்சது?"

"தங்கராஜுன்னு, பட்டாபிராமுல எலக்ட்ரீசியன் சார்," என்றான் எத்திராஜ்.

கோமளா பின்கதவுப் பக்கம் நின்றிருந்தாள். அவன் சொன்னது சரியாகத்தான் கேட்டதா என்று யோசிக்கக்கூட இல்லை. முன்னால் வந்து நின்றாள்.

"நான் செஞ்சேன் சார்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், எத்திராஜைப் பார்த்தார். எத்திராஜ் தரையைப் பார்த்தான். வரிசையில் நின்ற டிரைவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். உள்ளே, முன்சக்கரத்துக்கு மேல் தகட்டு ஓரத்தில் இருந்த இரண்டு கறுப்புப் பெட்டியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரிலே சார். முன்ன ஹெட்லைட் கரெண்டு முழுக்க டேஷ்போர்டு சுவிட்சு வழியா போச்சு, சுவிட்சு சூடாவும். இப்போ பேட்டரிலேர்ந்து நேரா போகுது. சுவிட்சு சிக்னல் மட்டும்தான் குடுக்கும்."

இரும்புத் தகட்டுக்குள் வயர் நுழைகிற இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினாள். புது ரப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட் என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

ஆவடி தாண்டியதும் கோமளா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"எம் பேரு சொல்ல உனக்கு வாய் வரல இல்ல?"

எத்திராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினான். வேண்டுமென்று சொல்லவில்லை என்றான். பொம்பளை செய்தது என்று தெரிந்தால் நோண்டி நோண்டிப் பார்ப்பார்கள், ஃபெயில் போட்டால் எல்லாப் பழியும் உன் மேல் விழும், தெருவே சிரிக்கும், அதற்குத்தான் என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை.

"விழட்டும். நான் செஞ்சதுக்குப் பழி எம் மேலதான் விழணும். தங்கராஜு மேல ஏன் விழணும்? பழி எனக்கு வேணும்யா. அது எனக்கு வந்தாத்தான் பேரும் வரும்."

எத்திராஜ் கியரைப் போட்டான். வீட்டில் இரண்டு நாள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது, பாத்திரம் கழுவப்பட்டது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் கோமளா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே டீக்கடையில் எத்திராஜின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்ததும் அசந்துபோய் நின்றாராம், ஒரு வயர் விடாமல் கேள்வி கேட்டாராம், இவள் டக்டக்கென்று பதில் சொன்னாளாம், கடைசியில் அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தாராம். சல்யூட் எல்லாம் ஒன்றும் இல்லை. கோமளா அதைத் திருத்தப் போகவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவனிடம் குழம்பு போதுமா என்று கேட்டாள்.

ஒரு மாசம் கழித்து தங்கராஜ் பைக்கில் வந்தார். வாசலில் நின்றபடியே அம்பாசடரின் பானெட்டைத் திறந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒரு பழைய கான்டெஸா கார் வந்திருக்கிறதாம், வயரிங் மொத்தமும் போச்சு. வண்டிக்காரர் வானகரத்தில் ஃபிளாட்டில் இருக்கிற ஐ.டி. ஆள். கோமளா கடைக்கு வந்து உள்பக்கம் உட்கார்ந்து செய்து கொடுத்தால் போதும், கஸ்டமரிடம் அவர் பேசிக்கொள்வார். கூலியில் குறை வைக்கமாட்டேன் என்றார். அவர் அப்படி வந்து கேட்டதே அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. கோமளாவுக்கு அது புரிந்தது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள்.

"செய்றேண்ணே. ஆனா யாரு செய்றாங்கன்னு அவருகிட்ட சொல்லிடு. நேரா எங்கிட்ட வந்து பேசட்டும்."

"அந்தாளு நம்பமாட்டான் தங்கச்சி."

"நம்பாதவங்க வண்டி எனக்கு வேணாம்."

தங்கராஜ் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிடிவாதம் பிடிச்சா பொழைக்க முடியாது என்று எத்திராஜைப் பார்த்துச் சொன்னார். எத்திராஜ், அது அவ வேலண்ணே, நான் இன்னா சொல்றது என்றான். தங்கராஜ் போய்விட்டார்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டோமோ என்று கோமளாவுக்கு ஒன்றிரண்டு தடவை தோன்றியது. சரசாவிடம் மட்டும் சொன்னாள். கெட்டா கெடட்டும் என்றாள் சரசா.

பதினோராம் நாள், சனிக்கிழமை காலையில், செல்வகுமார் என்று ஒருத்தர் வந்தார். கான்டெஸாவின் சொந்தக்காரர். தங்கராஜ்தான் கோமளாவின் பேரைச் சொல்லி விலாசம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு டெம்போவில் வண்டியை ஏற்றிக் கூடவே கொண்டுவந்திருந்தார். கோமளா பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, கால் மணி நேரம் பார்த்தாள். வயரை ஒடித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். நாலு நாளில் முடியுமா, அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார் அவர். இருபது நாள் ஆகும் என்றாள் கோமளா. தங்கராஜ் பத்து நாள் என்றாரே என்று இழுத்தார்.

"அவருகிட்டயே குடுங்க சார். எங்கிட்ட இருபது நாள்தான். நடுவுல வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அவசரப்படுத்தக் கூடாது."

அவர் டெம்போக்காரரைப் பார்த்தார். காலி மனையில் சாய்த்து வைத்திருந்த பலகையையும் அதில் நட்டிருந்த ஆணிகளையும் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கோமளா நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் வண்டி நம்பரை எழுதிவிட்டு, டெம்போவிலிருந்து கான்டெஸாவை எங்கே இறக்க வேண்டும் என்று கைகாட்டினாள்.